கப்சா (அரபு உணவு)

கப்சா என்பது அரேபியத் தீபகற்பத்தில், குறிப்பாகச் சவூதி அரேபியாவில், பரவலாக உண்ணப்படும் ஓர் அரிசி உணவாகும். இறைச்சி, நீளமான அரிசி, வெங்காயம், தக்காளி, நறுமணப் பொருட்கள், உலர்ந்த பழங்கள் ஆகியவை ஒரே பாத்திரத்தில் சமைக்கப்படுகின்றன. ஆட்டிறைச்சி, ஒட்டக இறைச்சி, மீன் ஆகியவற்றிலும் கப்சா செய்வதுண்டு. வீடுகளில் அடிக்கடி செய்யப்படுவது கோழிக் கப்சாவே. இக்கட்டுரை அதையே விளக்குகிறது.

ஒரே பாத்திரத்தில் சமைப்பது என்றால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டு மூடிவிடுவது என்று பலர் எண்ணுகின்றனர். அப்படிச் செய்தால் கோழி வேகும் முன்பே அரிசி குழைந்துவிடும்; உலர் திராட்சை அடியில் தங்கிக் கருகும். கோழி, அரிசி, பழம் ஆகிய மூன்றும் வெவ்வேறு நேரத்தில் வேகக்கூடியவை. எனவே பாத்திரம் ஒன்றாக இருந்தாலும், எதை எப்போது சேர்ப்பது என்னும் வரிசையே இவ்வுணவின் அடிப்படை.

பெயரும் பின்னணியும்

'கப்சா' என்னும் பெயர் அரபு மொழியில் 'அழுத்துதல்', 'நெருக்குதல்' என்று பொருள்படும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. எல்லாப் பொருட்களும் ஒரே பாத்திரத்துக்குள் நெருக்கமாக அடைக்கப்பட்டு வேவதை இது குறிக்கிறது. குவைத், பகுரைன், கத்தார் ஆகிய நாடுகளில் இதே வகை உணவு 'மச்பூசு' என்று அழைக்கப்படுகிறது.

அரேபியாவின் பெரும்பகுதி பாலைவனம். சவூதி அரேபியாவின் கிழக்கிலுள்ள அல் அகுசா பாலைவனச் சோலையில் ஒருவகைச் சிவப்பரிசி விளைந்தாலும், நாட்டின் தேவைக்கு அது போதாது. ஆகவே அரிசி கடல்வழி வணிகத்தின் மூலமே அங்குச் சென்றது. இன்றும் கப்சாவுக்குப் பயன்படும் பாசுமதி அரிசி இந்தியாவிலிருந்தும் பாக்கித்தானிலிருந்தும் இறக்குமதியாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகும் ஏலக்காயும், இலங்கையின் பட்டையும் பழங்காலந்தொட்டே அரபு வணிகர்களால் வாங்கப்பட்டவை. ஒரு தட்டுக் கப்சாவில் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது எனலாம்.

கப்சாவைச் சவூதி அரேபியாவின் தேசிய உணவு என்று பலரும் குறிப்பிடுவர். எனினும் 2023 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு முறைப்படி தேசிய உணவாக அறிவித்தது, உடைத்த கோதுமையில் செய்யப்படும் சரீசு என்னும் உணவையே.

பிரியாணியிலிருந்து வேறுபாடு

பார்வைக்குக் கப்சா பிரியாணியைப் போல இருக்கும். ஆனால், வடித்த சோற்றை இறைச்சியின் மேல் அடுக்கித் தம் போடும் பிரியாணியில் அரிசி தனி நீரில் முக்கால் பதம் வெந்துவிடுகிறது. கப்சாவில் அரிசி முழுவதும் கோழி வெந்த சாற்றிலேயே வேகிறது. அரிசியை மசாலாவிலேயே வேகவிடும் தமிழகப் பிரியாணி முறைகளுக்கு இது நெருக்கமானது. இன்னொரு வேறுபாடு சுவையில் உள்ளது. கப்சாவில் காரம் குறைவு. தயிர் பொதுவாகச் சேர்ப்பதில்லை. புளிப்பைத் தருபவை தக்காளியும் உலர்ந்த எலுமிச்சையும் ஆகும்.

பழங்களின் பங்கு

கப்சாவில் இரண்டு உலர்பழங்கள் இடம்பெறுகின்றன. இரண்டின் வேலையும் வேறு. ஆகவே அவற்றைச் சேர்க்கும் நேரமும் வேறு.

உலர்ந்த எலுமிச்சை: அரபு மொழியில் இது 'லூமி' எனப்படும். சிறிய எலுமிச்சைகளை உப்புநீரில் கொதிக்கவிட்டு, ஈரம் முழுவதும் வற்றும்வரை வெயிலில் உலர்த்தி இதைச் செய்கின்றனர். உலர்ந்த காய் எடை குறைந்து, ஓடு போல் கடினமாகி, பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் இருக்கும். ஓமான் நாட்டு லூமி புகழ்பெற்றது. ஈரானில் இதன் பெயரே 'ஓமான் எலுமிச்சை' என்பதாகும். தமிழகத்தில் நார்த்தங்காயை உப்பிட்டு உலர்த்துவதோடு இதை ஒப்பிடலாம். ஆனால் நார்த்தங்காய் சுருளாக நறுக்கப்படும். லூமி முழுக்காயாகவே உலர்த்தப்படும். புளிப்பு, இலேசான கசப்பு, தனி மணம் ஆகிய மூன்றையும் இது சாற்றுக்குத் தருகிறது. கடினமான ஓட்டின் வழியே சுவை இறங்க நேரமாகும் என்பதால் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும்.

உலர் திராட்சை: இதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு சர்க்கரை. தொடக்கத்திலேயே போட்டால் அது ஊதி வெடித்துச் சாற்றை இனிப்பாக்கிவிடும். அடியில் தங்கினால் சர்க்கரை கருகி, சோறு முழுவதும் கருகல் வாடை ஏறும். ஆகவே உலர் திராட்சையை இறுதியில்தான் சேர்க்க வேண்டும்.

தேவையான பொருட்கள் (4 பேருக்கு)

கோழி (தோலுடன், எலும்புடன், 8 துண்டுகள்) – 1 கிலோ
பாசுமதி அரிசி – 500 கிராம் (சுமார் 2½ கோப்பை)
பெரிய வெங்காயம் – 2
தக்காளி – 3
பூண்டு – 6 பல்
கேரட் (துருவியது) – 1
உலர்ந்த எலுமிச்சை – 2
உலர் திராட்சை – 50 கிராம்
பாதாம் – 30 கிராம்
நெய் அல்லது எண்ணெய் – 4 மேசைக்கரண்டி
பட்டை – 1 துண்டு. ஏலக்காய் – 5. கிராம்பு – 5. பிரிஞ்சி இலை – 2
மிளகுத்தூள் – 1 தேக்கரண்டி. சீரகத்தூள் – 1 தேக்கரண்டி. மல்லித்தூள் – 2 தேக்கரண்டி. மஞ்சள்தூள் – ½ தேக்கரண்டி
உப்பு – தேவையான அளவு

நீர்க் கணக்கு

ஊறவைத்து வடித்த பாசுமதி அரிசி ஒரு கோப்பைக்கு ஒன்றரைக் கோப்பை சாறு போதும். 2½ கோப்பை அரிசிக்கு 2½ × 1½ = 3¾ கோப்பை சாறு தேவை. அரிசியையும் சாற்றையும் ஒரே கோப்பையால் அளக்க வேண்டும். ஊறவைக்கும் முன்பே அரிசியை அளந்துகொள்வது அவசியம். ஊறிய அரிசி பருத்துவிடுவதால் கணக்குத் தவறும்.

கோழி வேகும்போது சாற்றின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். கோழியிலிருந்தும் தக்காளியிலிருந்தும் நீர் விடும். ஆவியாக ஒரு பகுதி போகும். தொடக்கத்தில் எத்தனை கோப்பை ஊற்றினோம் என்பதை வைத்து இறுதி அளவைச் சொல்ல முடியாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. சமையலைத் தொடங்கும் முன், வெறும் பாத்திரத்தில் 3¾ கோப்பை நீர் ஊற்றி, மரக்கரண்டியின் காம்பைச் செங்குத்தாக நிறுத்தி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளலாம். பிறகு கோழியை வெளியே எடுத்தபின் அதே குறிக்குச் சாறு வருகிறதா என்று பார்த்தால் போதும்.

செய்முறை

1. அரிசியைக் கழுவி 30 நிமிடம் ஊறவைத்து நீரை நன்றாக வடிக்க வேண்டும். உலர் திராட்சையை வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து எடுக்க வேண்டும். உலர்ந்த எலுமிச்சையில் கத்தி முனையால் இரண்டு துளைகள் இட வேண்டும்.

2. அகலமான, அடிகனமான பாத்திரத்தில் நெய்யைச் சூடாக்கி, பாதாமையும் உலர் திராட்சையையும் வறுக்க வேண்டும். திராட்சை உருண்டு வந்ததும் இரண்டையும் எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

3. அதே நெய்யில் கோழித் துண்டுகளைத் தோல் அடியில் இருக்கும்படி வைத்துப் பொன்னிறமாகச் சிவக்கவிட்டு எடுக்க வேண்டும். இதற்கு 6 முதல் 8 நிமிடம் ஆகும். கோழி உள்ளே இன்னும் பச்சையாகவே இருக்கும்.

4. அதே பாத்திரத்தில் வெங்காயம், பட்டை, ஏலக்காய், கிராம்பு, பிரிஞ்சி இலை ஆகியவற்றை வதக்க வேண்டும். வெங்காயம் சிவந்ததும் பூண்டு, தூள் வகைகள், தக்காளி, கேரட் ஆகியவற்றைச் சேர்த்துத் தக்காளி கரையும்வரை வதக்க வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவைக் கரண்டியால் சுரண்டிக் கலந்துவிட வேண்டும்; சாற்றின் நிறமும் சுவையும் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன.

5. கோழி, உலர்ந்த எலுமிச்சை, உப்பு, 4 கோப்பை நீர் சேர்த்து, மூடி, சிறுதீயில் 25 முதல் 30 நிமிடம் வேகவிட வேண்டும். இது பண்ணைக் கோழிக்கான நேரம். நாட்டுக்கோழியானால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

6. கோழியை வெளியே எடுத்து மூடி வைக்க வேண்டும். சாற்றின் அளவைப் பார்த்து, கூடுதலாக இருந்தால் கொதிக்கவிட்டு வற்றவைக்கலாம். குறைந்தால் வெந்நீர் சேர்க்கலாம். இப்போது சாறு சற்று உப்புக் கரிக்க வேண்டும். அரிசி அந்த உப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

7. சாறு கொதிக்கும்போது அரிசியைப் பரப்பி, ஒருமுறை மட்டும் மெதுவாகக் கிளற வேண்டும். சாறு அரிசி மட்டத்துக்கு வற்றியதும் கோழித் துண்டுகளை மேலே அடுக்கி, இறுக மூடி, மிகச் சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும்.

8. அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் விட வேண்டும். பிறகு வறுத்த திராட்சையையும் பாதாமையும் மேலே தூவிப் பரிமாறலாம். உலர்ந்த எலுமிச்சையை முழுதாகக் கடித்துவிட்டால் கசக்கும் என்பதால் முன்பே எடுத்துவிடுவது நல்லது.

காரணங்கள்

அரிசியை ஊறவைத்தால் நீர் முன்னதாகவே மணியின் உட்பகுதியை அடைகிறது. அதனால் வெளிப்புறம் குழைவதற்குள் உள்புறமும் வெந்துவிடுகிறது. பாசுமதி அரிசி வேகும்போது பருமனைவிட நீளத்திலேயே மிகுதியாக வளரும். ஊறிய அரிசியைப் பலமுறை கிளறினால் நீண்ட மணிகள் உடைந்து, மாவுச்சத்து வெளிவந்து, சோறு பசைபோல் ஒட்டும்.

எலும்புடன் உள்ள கோழி நீரில் மெதுவாக வேகும்போது, இணைப்புத் திசுக்களிலுள்ள கொலாசன் என்னும் புரதம் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. சாற்றுக்கு வழவழப்பும் சோற்றுக்குப் பளபளப்பும் தருவது இதுவே. எலும்பில்லாத கோழியில் செய்யும் கப்சா சுவை குறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

அணைத்தபின் விடும் 10 நிமிடமும் சமையலின் ஒரு பகுதியே. அடியில் மிகுந்தும் மேலே குறைந்தும் இருக்கும் ஈரம் அந்நேரத்தில் சீராகப் பரவுகிறது.

உலர்ந்த எலுமிச்சை கிடைக்காவிட்டால்

வளைகுடா நாட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளில் லூமி கிடைக்கும். கிடைக்காத இடத்தில், எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மட்டும் சிறிது சீவிச் சாற்றில் சேர்த்து, பரிமாறும்போது எலுமிச்சைச் சாறு பிழியலாம். லூமியின் மணம் முழுமையாக வராது. ஆனால் புளிப்பு ஈடாகும். உப்பில் உலர்த்திய நார்த்தங்காயைப் பயன்படுத்துவோர் சாற்றில் உப்பைக் குறைக்க வேண்டும்.

பரிமாறும் முறை

கப்சாவைப் பெரிய தாம்பாளத்தில் கொட்டி, கோழியை மேலே அடுக்கி, அதைச் சுற்றித் தரையில் அமர்ந்து வலக்கையால் உண்பது மரபு. ஒவ்வொருவரும் தம் முன்னால் உள்ள பகுதியிலிருந்தே எடுத்து உண்பர். தக்காளி, பச்சைமிளகாய், பூண்டு ஆகியவற்றை அரைத்த 'தக்கூசு' என்னும் துவையல் தொட்டுக்கொள்ளத் தரப்படும். வெள்ளரிக்காய் சேர்த்த தயிர்ப் பச்சடியும் பொருந்தும்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தமிழர் பலருக்கு இது பழகிய உணவு. ஒரே அடுப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அறைகளில், ஒரு பாத்திரத்தில் பலருக்கும் சமைத்து முடிக்கக்கூடிய இவ்வகை உணவு பெரிதும் உதவுகிறது. ஊர் திரும்பியோர் வழியாகவும் அரபு உணவகங்கள் வழியாகவும் கப்சா தமிழகத்துக்கும் வந்துள்ளது.

பாதுகாப்பு

பச்சைக் கோழியில் சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கலாம். குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் அவற்றை அருகிலுள்ள பாத்திரங்களுக்கும் காய்கறிகளுக்கும் பரப்பும். இக்கிருமிகளை அழிப்பது கழுவுதல் அன்று, வேகவைத்தலே. துண்டின் தடித்த உட்பகுதி 74 டிகிரி செல்சியசை எட்ட வேண்டும். பச்சைக் கோழியைத் தொட்ட கை, கத்தி, பலகை ஆகியவற்றைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

சோற்றிலும் ஓர் ஆபத்து உண்டு. பேசில்லசு செரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் அழியாமல் தங்கக்கூடியவை. சமைத்த சோறு அறை வெப்பநிலையில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சுப்பொருளை உண்டாக்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே இரவில் மீந்த கப்சாவைப் பாத்திரத்தோடு அடுப்பின் மேல் விட்டு, காலையில் சூடாக்கி உண்பது தவறு. அடிகனமான பாத்திரத்தில் சோறு ஆறுவதற்கு நெடுநேரமாகும். மீந்ததை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, சமைத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மறுநாள் ஆவி பறக்கும்வரை ஒருமுறை மட்டுமே சூடாக்கி உண்ண வேண்டும்.