மயக்க ஊசியும் மலைக்குளிரும்

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெண் நாயின் பால்காம்பு அருகே ஒரு கட்டி தென்படுகிறது. கால்நடை மருத்துவர் அறுத்து எடுக்கலாம் என்கிறார். "கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடுமே!" என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கத்தை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இரத்தத்தில் 'இயற்கைக் கொல்லி உயிரணுக்கள்' என்னும் காவலர்கள் உண்டு. கட்டியை அகற்றும்போது சிதறும் புற்றணுக்களை அழிப்பது இவற்றின் வேலைகளுள் ஒன்று. ஆனால், அறுவையின் நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் இவற்றைச் சோர்வடையச் செய்கின்றன.

மயக்க மருந்துக்கும் இதில் பங்கு உண்டா? இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ஷம்கார் பென்-எலியாஹுவின் குழு எலிகளுக்குப் புற்றணுக்களை ஊசிவழி செலுத்திப் பார்த்தது. கெட்டமின், தியோபென்டல், ஹாலோத்தேன் பெற்ற எலிகளின் நுரையீரலில் புற்றணுக்கள் அதிகம் தங்கின. புரோபோஃபோல் பெற்றவற்றில் அப்படி இல்லை. இது 2003இல் வெளியானது.

1999இல் வெளியான இன்னொரு சோதனை நமக்கு நெருக்கமானது. மயக்கத்தில் உடல் குளிர்ந்துபோன எலிகளின் காவலணுக்கள், கதகதப்பாக வைக்கப்பட்ட எலிகளைவிடப் பலவீனமடைந்தன. மயக்கத்தில் இருக்கும் விலங்கால் தன் உடல் வெப்பத்தைக் காக்க முடியாது. தானா ராத்தாவோ ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். குளிருக்குச் சொல்லவா வேண்டும்?

அப்படியானால் அறுவை வேண்டாமா? அவசரப்படாதீர்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட 2,000க்கும் மேற்பட்ட பெண்களின் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு நரம்பை மரக்கச் செய்யும் ஊசியுடன் புரோபோஃபோல். மறு பிரிவினருக்குச் செவோஃபுளூரேன் வாயு. இரு பிரிவிலும் சுமார் 10 விழுக்காட்டினருக்கே நோய் திரும்பியது. எலியில் கண்டதை மற்ற உயிர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது இதில் தெரிகிறது. அகற்றாமல் விட்ட புற்றுக்கட்டியோ வளரும்; பரவவும் செய்யும்.

நீங்கள் செய்யக்கூடியவை இவை:

அறுவைக்கு முன் மருத்துவர் சொன்ன நேரம் வரை உணவு கொடுக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழாயில் புகுந்தால் ஆபத்து.

வீடு திரும்பும்போது போர்வையால் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஈரத் தரையில் படுக்க விடாதீர்கள்.

வலி மருந்தை நேரந்தவறாமல் கொடுங்கள். வலியும் உடலுக்கு நெருக்கடிதான். ஆனால், மனிதர்களின் மாத்திரை வேண்டாம். பாரசிட்டமோல் பூனையைக் கொன்றுவிடும்.

மாதம் ஒருமுறை உங்கள் நாயின் வயிற்றைத் தடவிப் பாருங்கள். நாய்களின் பால்சுரப்பிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயல்ல. எது எதுவென்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கட்டி சிறியதாக இருக்கும்போதே காட்டினால் வெட்டும் சிறியது, மயக்க நேரமும் குறைவு.