புதிய ஹார்ட் டிஸ்க்கை சர்வர் ஏற்க மறுப்பது ஏன்? ரெய்டு கன்ட்ரோலர் சிக்கலும் தரவைக் காக்கும் வழிகளும்

ஹைதராபாத்: சர்வரில் உள்ள நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று பழுதாகிறது. அதே கொள்ளளவில் புதிய டிஸ்க் வாங்கிப் பொருத்தப்படுகிறது. ஆனால், சர்வர் அதை ஏற்க மறுக்கிறது. அல்லது ஏற்றுக்கொண்டு, சில மணி நேரத்தில் பழுதானது என்று ஒதுக்கிவிடுகிறது. புதிய டிஸ்க்கில் குறை எதுவும் இல்லை. பழைய சர்வரும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இத்தகைய நேரங்களில், இரண்டுக்கும் இடையே செயல்படும் ரெய்டு கன்ட்ரோலர் என்ற மின்னணு அட்டையிலேயே பெரும்பாலும் விடை இருக்கிறது.

சிகந்திராபாத் கன்டோன்மென்டை ஒட்டியுள்ள அல்வால் போன்ற பகுதிகளில் தனியார் பள்ளிகள், சிறு மருத்துவமனைகள், கணக்குத் தணிக்கை அலுவலகங்கள் ஆகியவை தங்கள் பதிவுகளைச் சொந்த சர்வரில் வைத்திருப்பதுண்டு. தனிக் கணினிப் பிரிவு இல்லாத இடங்களில் டிஸ்க் பழுதானால், சிகந்திராபாத் பார்க்லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டருக்குச் சென்று மாற்று வாங்கி வருவதே எளிய வழி. கணினி உதிரிபாகங்களுக்கு சென்னையில் ரிச்சி தெரு எப்படியோ, ஹைதராபாத்தில் இந்த வணிக வளாகம் அப்படி. ஆனால், வீட்டுக் கணினிக்குப் பொருந்தும் டிஸ்க் எல்லாம் சர்வருக்குப் பொருந்துவதில்லை. அவசரத்தில் எடுக்கப்படும் ஒரு தவறான முடிவு, பழுதாகாத மற்ற மூன்று டிஸ்க்குகளில் உள்ள தரவையும் அழித்துவிடக்கூடும்.

ரெய்டு என்றால் என்ன?

ரெய்டு என்றதும் பலருக்கும் வருமான வரிச் சோதனையே நினைவுக்கு வரும். கணினித் துறையில் இது, பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக இணைத்து இயக்கும் முறையைக் குறிக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகியோர் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தப் பெயரைப் பரவலாக்கியது.

இதன் அடிப்படை எளிமையானது. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் எழுதி வைத்தால், ஒரு எண் அழிந்தாலும் மற்றவற்றைக் கொண்டு அதைக் கண்டுபிடித்துவிடலாம். ஏறத்தாழ இதே போன்ற கணக்கில்தான் 'ரெய்டு 5' முறை ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்குகிறது. 'ரெய்டு 6' இரண்டு டிஸ்க்குகளின் இழப்பைத் தாங்கும். 'ரெய்டு 1' முறையில் ஒரே தரவு இரண்டு டிஸ்க்குகளில் நகலாகப் பதிவாகும். இந்தக் கணக்குகளைச் செய்து, எந்த டிஸ்க் நலமாக உள்ளது, எது பழுதாகிவிட்டது என்று தீர்மானிக்கும் பொறுப்பு ரெய்டு கன்ட்ரோலருடையது.

பொருந்தாமல் போவதற்கான காரணங்கள்

இணைப்பு வகை: சர்வர்களில் சாஸ், சாட்டா என்ற இரு வகை டிஸ்க்குகள் பயன்படுகின்றன. சாஸ் கன்ட்ரோலரில் பொதுவாக சாட்டா டிஸ்க்கும் இயங்கும். ஆனால், சாட்டா மட்டுமே கொண்ட கன்ட்ரோலரில் சாஸ் டிஸ்க் இயங்காது.

கொள்ளளவு வரம்பு: பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றில், டிஸ்க்கில் உள்ள பகுதிகளை எண்ணுவதற்கு 32 பிட் எண்ணே பயன்படுத்தப்பட்டது. ஒரு பகுதிக்கு 512 பைட் என்ற கணக்கில், அவற்றால் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் பார்க்க முடியாது. அத்தகைய சர்வரில் 4 டெராபைட் டிஸ்க்கைப் பொருத்தினால், அது 2 டெராபைட் அளவில் தெரியலாம் அல்லது தெரியாமலே போகலாம்.

பகுதி அளவு: புதிய டிஸ்க்குகள் சில 512 பைட்டுக்குப் பதிலாக 4,096 பைட் பகுதிகளை மட்டுமே கொண்டவை. பழைய கன்ட்ரோலர்கள் இவற்றை ஏற்பதில்லை. பெரிய சேமிப்பகக் கருவிகளிலிருந்து கழற்றி, பயன்படுத்திய பொருளாக விற்கப்படும் டிஸ்க்குகளில் 520 பைட் பகுதிகள் இருப்பதும் உண்டு. அவற்றை மறுவடிவமைப்பு செய்த பிறகே சாதாரண சர்வரில் பயன்படுத்த இயலும்.

காத்திருப்பு நேரம்: வீட்டுக் கணினிக்கான டிஸ்க், ஒரு பகுதியைப் படிக்க முடியாதபோது விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். அந்த டிஸ்க்கில் மட்டுமே தரவு இருப்பதால் இது நியாயமான அணுகுமுறை. ஆனால், ரெய்டு கன்ட்ரோலர் அவ்வளவு நேரம் காத்திருக்காது. பதில் வராத டிஸ்க்கைப் பழுதானதாகக் கருதித் தொகுப்பிலிருந்து நீக்கிவிடும். இதனால்தான் சர்வருக்கான டிஸ்க்குகள் சுமார் 7 விநாடிகளில் முயற்சியை நிறுத்திப் பிழையைத் தெரிவிக்கும் வகையில் வடிவமைக்கப்படுகின்றன.

பதிவு முறை: எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளில், தரவுத் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றின் மேல் ஒன்று சற்றுப் படிந்திருக்கும். ஒரு தடத்தை மாற்ற, அடுத்துள்ள தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். ரெய்டு தொகுப்பை மீளமைக்கும்போது இடைவிடாமல் எழுத வேண்டியிருப்பதால், இவை தடுமாறுகின்றன. தனது ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில டிஸ்க்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020 ஏப்ரலில்தான் வெளிப்படையாகத் தெரிவித்தது. அவை வலையமைப்புச் சேமிப்பகக் கருவிகளுக்கு என்றே விற்கப்பட்டவை என்பதால் பயனாளர்களிடையே கடும் அதிருப்தி எழுந்தது.

நிறுவனங்கள் விதிக்கும் கட்டுப்பாடு

சில நேரங்களில் தொழில்நுட்பக் காரணமின்றி, விற்பனைக் கொள்கையே தடையாக அமைகிறது. டெல் நிறுவனம் தனது ஹெச்700, ஹெச்800 ரெய்டு கன்ட்ரோலர்களில் பிற நிறுவனங்களின் டிஸ்க்குகளுக்கு விதித்த தடை, வாடிக்கையாளர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து 2010ஆம் ஆண்டிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. சினாலஜி நிறுவனம் 2025ஆம் ஆண்டின் பிளஸ் வரிசைச் சேமிப்பகக் கருவிகளுக்கு இதே போன்ற கட்டுப்பாட்டை ஏப்ரலில் அறிவித்தது. அக்டோபரில் வெளியிட்ட டிஎஸ்எம் 7.3 மென்பொருள் மூலம் அதைத் தளர்த்தியது.

அதே நேரத்தில், நிறுவனத்தின் சொந்த டிஸ்க் என்பதாலேயே ஆபத்து நீங்கிவிடாது. தனது சர்வர்களில் இடம்பெற்ற சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள், 32,768 மணி நேரம் இயங்கியதும் முற்றிலும் செயலிழக்கும் என்று ஹெச்பிஇ நிறுவனம் 2019 நவம்பரில் எச்சரித்தது. அதாவது 3 ஆண்டுகள், 270 நாட்கள், 8 மணி நேரம். ஃபார்ம்வேர் எனப்படும் உள் மென்பொருளில் இருந்த பிழையே இதற்குக் காரணம். ஒரே நாளில் இயக்கத்துக்கு வந்த டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் செயலிழக்கும் என்பதால், ரெய்டு பாதுகாப்பும் அங்கே பயன் தராது.

டிஸ்க் ஏற்கப்படாவிட்டால் செய்ய வேண்டியவை

முதல் வேலை, தொகுப்பு இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால் முக்கியத் தரவை வேறோர் இடத்துக்கு நகலெடுப்பது. 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு கொண்ட ரெய்டு 5 தொகுப்பில் ஒன்றை மாற்றினால், மீதமுள்ள மூன்றிலிருந்தும் மொத்தம் 12 டெராபைட் படிக்கப்பட வேண்டும். விநாடிக்கு 150 மெகாபைட் வேகம் கிடைத்தாலும், புதிய டிஸ்க்கை நிரப்பக் குறைந்தது 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இன்னொரு டிஸ்க் பழுதானால் தொகுப்பே குலைந்துவிடும்.

அடுத்து, கன்ட்ரோலரின் நிகழ்வுப் பதிவைப் படித்து, டிஸ்க் எந்தக் காரணத்துக்காக ஒதுக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய டிஸ்க்கை வேறொரு கணினியில் இணைத்து, அதன் கொள்ளளவு, பகுதி அளவு, ஸ்மார்ட் எனப்படும் நலக்குறிப்புகள் ஆகியவற்றைச் சரிபார்க்கலாம். சர்வரில் காலி இடம் இருந்தால், புதிய டிஸ்க்கை அங்கே பொருத்திப் பார்த்து, கோளாறு டிஸ்க்கிலா இணைப்பிலா என்று அறியலாம். பின்னர், சர்வர் தயாரிப்பாளரின் பொருந்தும் டிஸ்க்குகள் பட்டியலுடன் மாடல் எண்ணை ஒப்பிட வேண்டும். மாற்று டிஸ்க்கின் கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பது அவசியம். நகலெடுத்து முடிக்கும் வரை கன்ட்ரோலரின் ஃபார்ம்வேரைப் புதுப்பிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது.

செய்யக் கூடாதவை

வேறொரு ரெய்டு தொகுப்பில் இருந்த டிஸ்க்கைப் பொருத்தினால், 'ஃபாரின்' என்ற குறிப்பு திரையில் தோன்றும். இது டிஸ்க் பழுதானதைக் குறிக்கவில்லை. அதில் வேறொரு தொகுப்பின் அடையாளம் பதிந்திருக்கிறது என்பதே பொருள். அது எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்பது உறுதியாகும் வரை, அந்த அடையாளத்தை இறக்குமதி செய்வதோ அழிப்பதோ கூடாது. தொகுப்பைப் புதிதாக உருவாக்கும் 'இனிஷியலைஸ்' கட்டளையை எந்தச் சூழலிலும் சோதனைக்காக அழுத்தக் கூடாது. நலமாக உள்ள டிஸ்க்குகளின் வரிசையை மாற்றிப் பொருத்திப் பார்ப்பதும் கூடாது.

பேக்கப்புக்கு மாற்று இல்லை

பெரிய நிறுவனங்களும் இத்தகைய நெருக்கடிக்கு விதிவிலக்கல்ல. 2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தையில் காலை 11.40 மணிக்கு நிறுத்தப்பட்ட வர்த்தகம், பிற்பகல் 3.45 மணிக்கே மீண்டும் தொடங்கியது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாறைத் தொடர்ந்து, சேமிப்பக வலையமைப்பை சர்வர்கள் அணுக முடியாமல் போனதாக அப்போது விளக்கம் அளிக்கப்பட்டது.

ஒரு டிஸ்க் பழுதானாலும் பணி நிற்காமல் தொடர உதவுவதே ரெய்டு. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு, வைரஸ் தாக்குதல், தீ விபத்து ஆகியவற்றிலிருந்து அது காப்பாற்றாது. எனவே, அலுவலகத்துக்கு வெளியே ஒரு பிரதி உட்பட, முக்கியப் பதிவுகளின் பேக்கப்பைத் தனியாக வைத்திருப்பதும், அதிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்துப் பார்ப்பதும் அவசியம். சர்வர் புதிதாக இருக்கும்போதே பொருந்தும் டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைத்தால், பின்னாளில் கடை கடையாக அலைய வேண்டிய நிலையும் பெருமளவு தவிர்க்கப்படும்.