கிரிப்டோவும் பொன்சி மோசடியும்

முன்பு பணம் போட்டவருக்கு உரிய லாபத்தைப் பின்னால் சேருபவரின் பணத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பது பொன்சி திட்டம். 1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். அஞ்சல் கூப்பன் வியாபாரத்தில் லாபம் வருவதாக அவர் சொன்னார். சொல்லும்படியான வியாபாரம் எதுவும் நடக்கவில்லை. சில மாதங்களிலேயே திட்டம் சரிந்தது.

பொன்சி திட்டத்துக்கு ஒரு சூத்திரதாரி இருந்தார். உரிமையாளரோ தலைமை அலுவலகமோ இல்லாத பரவலாக்கப்பட்ட கிரிப்டோ நாணயங்களைப் பொன்சி என்று சொல்லலாமா?

2009-இல் இயங்கத் தொடங்கிய அத்தகைய நாணயமான பிட்காயின் யாருக்கும் வட்டியோ லாபமோ தருவதாக உறுதி சொல்வதில்லை. அதன் நிரலும் பரிவர்த்தனைக் கணக்கும் எவரும் பார்க்கும்படி திறந்தே இருக்கின்றன. வாங்கியவர் லாபம் பார்க்க வேண்டுமானால் இன்னொருவர் அதிக விலைக்கு வாங்க வேண்டும் என்பது உண்மை. விமர்சகர்கள் பிட்காயினைப் பொன்சி என்பது இதனால்தான். ஆனால் தங்கத்தை வாங்கி விற்பவருக்கும் இதே நிலைதான். விலை சரிந்து நஷ்டம் வரலாம். அது ஊக வணிகத்தின் ஆபத்து. பொய் வாக்குறுதி இல்லாதவரை அதை மோசடி என்று சொல்ல முடியாது.

அதற்காகப் பரவலாக்கப்பட்ட எல்லாமே சுத்தம் என்றும் ஆகிவிடாது. 2020-இல் தொடங்கிய ஃபோர்சேஜ் என்ற திட்டம் இதற்குச் சான்று. எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (பரவலாக்கப்பட்ட பொதுக் கணக்கேட்டில்), தானாக இயங்கும் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் நிரலாக அது எழுதப்பட்டிருந்தது. புதியவர் பணம் கட்டியதும் நிரலே அதை முன்பு சேர்ந்தவர்களுக்குப் பிரித்து அனுப்பியது. வேறு வருமானம் எதுவும் இல்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இதைப் பொன்சி, பிரமிடு திட்டம் என்று கூறி 11 பேர் மீது வழக்குத் தொடுத்தது. திரட்டப்பட்ட தொகை 30 கோடி டாலருக்கு மேல் என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு அதன் நிறுவனர்களான நான்கு ரஷ்யர்கள் மீது குற்றவியல் வழக்கும் பதிவானது.

பணத்தைக் கைமாற்றியது நிரல் என்றாலும் அதை எழுதியவர்களும் ஆள் சேர்த்தவர்களும் மனிதர்களே. சட்டம் அவர்களைத்தான் தேடிப் போகிறது.

பரவலாக்கம் என்பது தொழில்நுட்ப அமைப்பு. அது நேர்மைக்கு நற்சான்றும் அல்ல, மோசடிக்கு அடையாளமும் அல்ல. தருவதாகச் சொல்லும் லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். 'புதிதாகச் சேருபவரிடமிருந்து' என்பதே ஒரே பதிலானால், பெயர் எதுவானாலும் அது பொன்சிதான்.