திண்டுக்கல்லில் பழந்தின்னி வௌவால்: எங்கே, எப்போது பார்க்கலாம்?

பொழுது சாய்ந்த பிறகு திண்டுக்கல் வானத்தில் காக்கையைவிடப் பெரிதாக ஒன்று, அவசரமே இல்லாமல் சிறகடித்துப் போவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது பருந்து இல்லை. பழந்தின்னி வௌவால். இந்தியாவின் மிகப் பெரிய வௌவால்களில் ஒன்று. சிறகை விரித்தால் 4 அடிக்கு மேல் வரும். எடை ஒன்றரை கிலோ வரை போகும்.

எத்தனை மணிக்குப் பார்க்கணும்?

சூரியன் மறைந்து சுமார் 20 முதல் 30 நிமிடம் கழித்துக் கிளம்பும். திண்டுக்கல்லில் நவம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். அதனால் 6.15 முதல் 6.30 வரை பார்க்கலாம். ஜூன், ஜூலையில் 7 மணிக்கு மேல்தான் கிளம்பும். மேற்கு வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போது உருவம் நன்றாகத் தெரியும். டார்ச் தேவையில்லை.

எங்கே தேடணும்?

பகலில் உயரமான ஆலமரம், புளிய மரம், மருத மரம் ஆகியவற்றில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். பெரும்பாலும் பக்கத்தில் தண்ணீர் இருக்கும். எனவே கண்மாய்க் கரை, குடகனாற்றுக் கரை, பழைய கோயில் தோப்பு என்று தேடலாம். ஊர்ப் பெரியவர்களிடம் "வௌவால் மரம் எங்கே இருக்கு?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மரம் தெரியாவிட்டாலும் ஒரு வழி உண்டு. மாலையில் அவை எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று கவனியுங்கள். மறுநாள் அந்தத் திசையில் சில கிலோமீட்டர் தள்ளி நின்று மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று நாளில் மரத்தை நெருங்கிவிடலாம்.

நகரத்துக்குள்ளேயே பார்க்க முடியுமா?

முடியும். நாம் அசோகா மரம் என்று சொல்லும் நெட்டிலிங்கத்தின் பழம் இதற்கு ரொம்பப் பிடிக்கும். மரத்தடியில் காலையில் கொட்டைகளும், மென்று துப்பிய சக்கையும் கிடந்தால் ராத்திரி விருந்தாளி வந்து போனதாக அர்த்தம். கோடையில் இலுப்பை, மாந்தோப்புகள், அதன் பிறகு நாவல், வேப்பம்பழம் என்று பருவத்துக்கு ஏற்ப இடம் மாறும். இந்த வௌவாலுக்கு எதிரொலி தேவையில்லை. கண்ணும் மூக்கும்தான் வழிகாட்டி.

விரட்டினால் என்ன ஆகும்?

ஒரு தாய் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். கோடையில் பல தாய்கள் குட்டியை மார்பில் சுமந்திருக்கும். வெடி வைத்தாலோ, கல் எறிந்தாலோ குட்டி கீழே விழுந்துவிடலாம். சாலை விரிவாக்கத்துக்காக ஒரு பெரிய மரத்தை வெட்டினால், பல ஆண்டு வசித்த கூட்டம் மொத்தமும் ஒரே நாளில் வீடிழக்கும். இலுப்பை, ஆல், அத்தி விதைகளைத் தூரத்துக்குக் கொண்டு போய்ப் போடுவது இவைதான்.

மதுரை வட்டாரத்துப் புளியங்குளத்தில் ஒரு ஆலமரத்து வௌவால்களுக்கு முனி காவல் என்று மக்கள் நம்பியதை, ஆய்வாளர் மாரிமுத்து 1988-ல் எழுதினார். அந்த நம்பிக்கையே கூட்டத்தைக் காப்பாற்றியது.

சட்டம் என்ன சொல்கிறது?

பழ வௌவால்கள் முன்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, காக்கையோடு சேர்த்து "தொல்லை தரும் உயிரினம்" என்ற பட்டியலில் இருந்தன. 2022-ல் செய்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. பழந்தின்னி வௌவால் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடுவது குற்றம். இதன் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை.

நிபா பயம் வேண்டாமா?

2018-ல் கேரளாவில் நிபா பரவியபோது இந்த வௌவால்கள் மீதுதான் கவனம் திரும்பியது. நிபா வைரஸ் இவற்றின் உடலில் இருக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் தூரத்தில் நின்று பார்ப்பதால் நோய் வராது. கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான்:

கடித்த பழத்தைச் சாப்பிட வேண்டாம். மற்ற பழங்களை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்.

திறந்த கலயத்தில் இறக்கிய பதநீர், கள் குடிக்க வேண்டாம்.

வௌவால் கூட்டத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.

விழுந்து கிடக்கும் வௌவாலையோ குட்டியையோ வெறும் கையால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.