மழைக்காலத்தில் கதவு ஏன் இறுகுகிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் உங்கள் வீட்டுக் கதவு நிலையில் முட்டுகிறதா? உடனே இழைப்புளி பிடிக்க ஆள் தேடாதீர்கள்.

மரம் உலர்ந்த பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். நீர் மூலக்கூறுகள் மரத்தின் செல்சுவர்களுக்குள் புகுந்து, அங்குள்ள நுண்ணிய செல்லுலோஸ் இழைகளை விலக்குகின்றன. இவ்விழைகள் பெரும்பாலும் மரத்தின் நெடுக்கில் ஓடுகின்றன. ஆகவே பலகையின் நீளம் அநேகமாக மாறுவதில்லை, அகலந்தான் பெருக்கிறது. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. பலகை கோணுவதற்கு இந்த வேற்றுமை ஒரு முக்கிய காரணம்.

நல்ல தச்சர் இதை அறிவார். சட்டங்களுக்கு நடுவே பலகையைப் பொருத்தும்போது காடியில் சிறிது இடம் விடுவார், பசையும் இடமாட்டார். பலகை இலேசாக ஆடுகிறதே, வேலை சுத்தமில்லை என்று நான் ஒருமுறை வாதாடி, இரு பக்கமும் ஆணி அறையச் செய்தேன். அடுத்த சித்திரையில் பலகை மேலிருந்து கீழாகப் பிளந்தது. இயற்பியல் ஆசிரியரின் யோசனை அது!

மழையில் இழைத்த கதவு கோடையில் இடைவெளி காட்டும். தை பிறக்கும்வரை பொறுங்கள். அப்போதும் முட்டினால் முதலில் கீல்களின் திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள்.