தாத்தா நிலத்தை விற்ற வருஷம்

திருத்தணிப் பக்கம் எந்த வீட்டில் பழைய கதை கேட்டாலும் ஒரு தாத்தா வருவார், நிலத்தைத் தொலைத்தவர். சீட்டாடினார் என்பார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்பார்கள். பின்னாலேயே ஒரு பாட்டி வருவாள், காசுமாலையைக் கழற்றிக் கொடுத்தவள். எந்த வருஷம் என்று கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது. தம்பி, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். டீயைக் குடியுங்கள், சொல்கிறேன்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. அதைத் தொடர்ந்து உலகம் முழுக்க விளைபொருள்களின் விலை இறங்கியது. பர்மா அரிசிக்கு வெளியே கிராக்கி போயிற்று. அதன் பாதிப்பில் இரண்டு மூன்று வருஷத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியானது.

விலை பாதியானால் கடனும் பாதியாகிவிடுமா? கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: மூட்டை 8 ரூபாய் விற்றபோது ஒருவர் 200 ரூபாய் வாங்கினார். அது 25 மூட்டைக் கடன். மூட்டை 4 ரூபாய்க்கு வந்துவிட்டால் அதே கடன் 50 மூட்டை. வட்டி தனி. நிலவரியான கிஸ்தியும் நெல்லோடு சேர்ந்து இறங்கவில்லை. கடன் கொடுத்தவருக்கும் மேலே நெருக்கடி, அவர் புதிதாகக் கொடுக்கமாட்டார். வழக்கம்போல உழுது, வழக்கம்போல அறுத்தவர், சீட்டைத் தொட்டே பார்க்காதவர், இரண்டு வருஷத்தில் மூழ்கிப்போனார்.

பாட்டியின் மாலைக்கு வருவோம். 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், பவுண்டுக்கு இத்தனை தங்கம் தருவோம் என்ற பழைய உறுதியைக் கைவிட்டது. பவுண்டின் மதிப்பு சரிந்தது. நம் ரூபாயை 18 பென்ஸ் என்று அந்தப் பவுண்டோடு கட்டி வைத்திருந்தார்கள், அதனால் ரூபாயும் கூடவே இறங்கியது. ரூபாய் இறங்கினால் தங்கத்தின் விலை ரூபாயில் ஏறும். அதற்கு முன் தோலா 21 ரூபாய்ச் சில்லறையாக இருந்தது சில மாதங்களில் 30 ரூபாயை ஒட்டி வந்துவிட்டது. நெல்லுக்கு விலை இல்லை, நகைக்கு நல்ல விலை. கடன்காரன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். பாட்டி என்ன செய்வாள்?

ஊர் ஊராக வாங்கிய நகை உருகி பம்பாய்க்குப் போய், அங்கிருந்து கப்பலேறியது. 1931-32 நிதி ஆண்டில் மட்டும் வெளியே போன தங்கம் சுமார் 58 கோடி ரூபாய். இரண்டாம் உலகப் போர் தொடங்கும் முன் மொத்தம் 300 கோடியைத் தாண்டியது. ஏற்றுமதியைத் தடுக்கச் சொல்லி இங்குள்ள வியாபாரிகளும் தலைவர்களும் கேட்டார்கள். சர்க்கார் கேட்கவில்லை. தள்ளாடிய பவுண்டுக்கு அந்தத் தங்கம் தேவைப்பட்டது. கேட்பார்கள் என்று எதிர்பார்த்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

கடனுக்கு ஒரு மருந்து வந்தது, தாமதமாக. 1937இல் ராஜாஜி மாகாணப் பிரதமரானார், 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி தள்ளுபடி. அசலைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. நிலம் கையில் இருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 1933இல் கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டவருக்கு என்ன பிரயோசனம்?

பத்திரம் தேடப் போகிறீர்கள் என்றால் ஒன்று. திருத்தணி அன்று சித்தூர் ஜில்லா. 1911இல் அந்த ஜில்லா உண்டாவதற்கு முன் வட ஆற்காடு. 1960இல்தான் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்தது. ஆகவே உங்கள் தாத்தா காலத்துக் காகிதங்களில் ஜில்லா சித்தூர் என்றிருக்கும், எழுத்து தெலுங்காகவும் இருக்கலாம். பயப்படாதீர்கள். படித்துச் சொல்ல நகரிப் பக்கம் ஆள் கிடைப்பார்கள். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதை அப்புறம் படிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிய தேதி 1932 அக்டோபருக்கு முன்னாலா, கிரயமான தேதி 1938க்குப் பின்னாலா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.