பி.ஜி.எம். ஓசியில் கிடைக்குமா?

கல்வராயன் மலையில் குறும்படம் எடுக்கிறீர்களா? வெள்ளிமலை மூடுபனி சம்பளம் கேட்காது. பின்னணி இசைதான் கேட்கும்.

‘ராஜா சார் பிட்டு ஒண்ணு போட்டுக்கலாம், பத்து செகண்டுதானே!’ என்பார் எடிட்டர். வேண்டாம் சாமி! ‘பத்து செகண்டு வரை ஓசி’ என்று நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரும் மெட்டமைத்தவரும் மறைந்து 60 வருடம் ஆகிவிட்டால் பாட்டு பொதுச்சொத்து. தியாகராஜர் மறைந்தது 1847-ல், கவலையில்லை. பாபநாசம் சிவன் 1973-ல்தான்; 2033 முடியும்வரை கை வைக்காதீர்கள். பாரதியார் வரிகள் ஓசி; சினிமாக்காரர் அதற்குப் போட்ட மெட்டு வேறு கணக்கு.

இன்னொரு பூட்டும் உண்டு. கீர்த்தனை ஓசி என்பதால் கேசட்டும் ஓசியாகிவிடாது. ஒலிப்பதிவுக்கு, வெளியான மறுவருடத்திலிருந்து தனியாக 60 வருடம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் என்றால் கண்டிஷனைப் படியுங்கள். ‘மாற்றக்கூடாது’ என்று போட்டிருந்தால், படத்தோடு ஒட்டுவதே மாற்றம்தான்!

என் ஓட்டு, கள்ளக்குறிச்சி கல்யாணங்களில் வாசிக்கும் நாதஸ்வரக்காரருக்கு. தியாகராஜரை வாசிக்கச் சொல்லி நீங்களே பதிவு பண்ணுங்கள். வாசிப்பவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மலையாளிப் பழங்குடியினர் (கேரளாக்காரர்கள் அல்ல) பாடிக் கொடுத்தாலும் அப்படியே. ‘மலைப்பாட்டுக்கு ஏது சார் ஓனர்?’ என்பவர்கள், டைட்டிலில் ஹீரோ வீட்டு நாய்க்குக்கூட நன்றி போடுவார்கள். பாடிய பாட்டியை மறந்துவிடுவார்கள். பாட்டிக்குப் பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். வேன் மலை இறங்கிவிட்டால் உங்களை யார் பிடிப்பது?